ஜன்னல் வழியாக வந்த குழந்தை

மலேசியாவில் நான் பிறந்து வளர்ந்த ஊரில் பஸ்ஸுக்குள் யாரும் யாரையும் தொடமாட்டார்கள். ஏறுவோம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம், மணியை அழுத்துவோம், இறங்குவோம். பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்க்காமலே பல வருடங்கள் வேலைக்குப் போய்வந்தவள் நான். அதற்குப் பெயர் மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

2005-இல், சுனாமிக்கு அடுத்த வருடம், மரக்காணத்தில் மீனவப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வந்தேன். ஆரோவில்லில் இருந்த ஒரு தோழி கூப்பிட்டிருந்தாள். பொம்மையார்பாளையத்தில் ஒரு மாடி அறை கிடைத்தது. காலையில் வடக்கே மரக்காணம், மாலையில் தெற்கே பொம்மையார்பாளையம், இரண்டுமே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும் பஸ்களில். அவை பறக்கும் என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. வளைவில் சக்கரம் தரையில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்த நாட்கள் உண்டு.

"தமிழ்தானே பேசுறாங்க, உனக்கு என்ன சிரமம்?" என்று சொல்லித்தான் அம்மா வழியனுப்பினார். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். பாஸ்போர்ட் இருக்கும் பையை உடம்பிலிருந்து எடுக்கவே கூடாது. தூங்கும்போதும் தலைமாட்டில் இருக்க வேண்டும்.

முதல் நாளே வம்பு வந்தது. மூச்சு விட இடமில்லாத பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், என் தோளிலிருந்த பையைப் பிடித்து இழுத்தார். பட்டப்பகலில் இத்தனை பேர் முன்னால் பறிக்கிறாரே என்று பதறிப்போய் நானும் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். "ஏம்மா, குடு, மடியில வச்சுக்கறேன். எம்மாந்தூரம் தூக்கிக்கினு நிப்ப?" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது வரை சூடேறியது. பையை மட்டும் விடவில்லை.

பிறகுதான் புரிந்தது, அங்கே அது சட்டம் மாதிரி. நிற்பவரின் சுமை உட்கார்ந்திருப்பவரின் மடிக்குச் சொந்தம். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. எனக்கு இருக்கை கிடைத்த நாட்களில் என் மடிக்கு வராத பொருள் இல்லை. பள்ளிக்கூடப் பைகள், கருவாட்டு மூட்டை, வெந்நீர் ஃபிளாஸ்க், ஒரு முறை கால் கட்டிய கோழி. அந்தக் கோழி என்னைவிட அமைதியாக வந்தது. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன். என் பையை மட்டும் ஒருவரிடமும் தந்ததில்லை. நிற்க நேர்ந்தால் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பேன். "மலேசியாக்காரி பையில தங்கம் வச்சிருக்குது" என்று என் தையல் வகுப்புப் பெண்கள் கேலி செய்வார்கள்.

ஒரு மாதத்தில் மற்ற விதிகளையும் கற்றுக்கொண்டேன். ஜன்னல் வழியாக உள்ளே விழும் துண்டு இருக்கையைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கண்டக்டரின் ஒரு விசில் நிற்பதற்கு, இரண்டு விசில் கிளம்புவதற்கு. பெண்கள் முன்வாசலில் ஏற வேண்டும், ஆண்கள் பின்வாசலில். இதில் கடைசி விதியைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வரிசை, ஒழுங்கு என்று வளர்ந்தவளுக்கு அந்த நெரிசலுக்குள் ஒரு நேர்கோடு கிடைத்த நிம்மதி. விதிகளை அங்கே பிறந்தவர்கள் அவ்வளவு கெட்டியாகப் பிடிப்பதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று சித்திரை வெயில். வகுப்பை முடித்துக்கொண்டு மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஏதோ முகூர்த்த நாள் போல, எங்கு பார்த்தாலும் பட்டுப் புடவையும் தாம்பூலப் பையும். பாண்டிச்சேரி போகும் தனியார் பஸ் வந்ததும் கூட்டம் முன்வாசலில் அப்பிக்கொண்டது. என் முழங்கைகளுக்கு அதற்குள் நல்ல பயிற்சி வந்திருந்தது. உள்ளே நுழைந்து, முன்வாசலுக்கு இரண்டு வரிசை பின்னால் ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிட்டேன். பையைக் காலடியில் வைத்து, அதன் வாரைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"யக்கா, இந்தா, புடி."

ஜன்னலுக்கு வெளியே ஓர் இளம்பெண் தலைக்கு மேல் ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மஞ்சள் புடவை. வலது முழங்கையில் வெள்ளைப் பிளாஸ்திரி. நான் கையை நீட்டினேனா, அவள் திணித்தாளா, நினைவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் ஆறு மாதப் பெண்குழந்தை ஒன்று என் மடியில் இருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் மைப்பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு, பவுடர் வாசனை. நான் நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பெண் கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தாள்.

முன்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். பட்டுப் புடவைகள் ஏறின, பிளாஸ்திரி போட்ட முழங்கை ஏறவில்லை. இரண்டு விசில். பஸ் கிளம்பிவிட்டது.

"இந்தக் குழந்தையோட அம்மா இன்னும் ஏறல" என்று பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடியபடியே, "ஏறியிருப்பா" என்றார். "இல்ல, நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றேன். "வருவா வருவா" என்றார். நின்றுகொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். தலைக்கு மேல் ஸ்பீக்கர் சினிமாப் பாட்டை அலறிக்கொண்டிருந்தது. நான் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. கண்டக்டர் எங்கோ கடைசியில், மனிதச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. என் சுபாவம் அது. பயம் வரும்போதெல்லாம் முதலில் கோபம்தான் வரும். பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாதவளிடம் கொடுக்க ஒரு தாய், அவளை விட்டுவிட்டு வண்டியை எடுக்க ஒரு டிரைவர், கண்ணைத் திறக்காமல் பதில் சொல்ல ஒரு பக்கத்து இருக்கை. இவர்களுக்கு எதுதான் பெரிய விஷயம்? மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஒவ்வொரு நொடியும் நான் அவளிடமிருந்து அவள் குழந்தையைத் தூரமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

ஊரைத் தாண்டியதும் உப்பளத்து ஓரம் ஒரு ஸ்டாப் உண்டு. கூரைகூடக் கிடையாது. ஒரு கம்பமும் ஒரு வேலமரமும்தான். யாரோ இறங்குவதற்காக அங்கே பஸ் நின்றது. நான் யோசிக்கவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்து, இரண்டு கையாலும் அணைத்து, முட்டி மோதி, திட்டு வாங்கி, முன்வாசல் வழியாக இறங்கிவிட்டேன். திரும்பி நடந்தால் குழந்தையைத் தாயிடம் சேர்த்துவிடலாம். அவ்வளவுதான் என் கணக்கு.

பின்னால் இரண்டு விசில். பஸ் நகர்ந்தது. நான் இறங்கியது முன்வாசல் என்பதால் வண்டியின் முழு நீளமும் என் முகத்துக்கு முன்னால் ஊர்ந்து போனது. ஜன்னல்கள், ஜன்னல்கள், அப்புறம் பின்வாசல். அதன் படியில் ஆண்களுக்கு நடுவே நசுங்கியபடி மஞ்சள் புடவை ஒன்று உள்பக்கம் திரும்பி நின்றது. மேல் கம்பியைப் பிடித்திருந்த கையில், முழங்கையில், வெள்ளைப் பிளாஸ்திரி.

கையை நீட்டியிருந்தால் அவள் முந்தானையைத் தொட்டிருக்கலாம். என் இரண்டு கையிலும் அவள் குழந்தை இருந்தது.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் போய்விட்டது. கொஞ்ச தூரம் ஓடினேன். குழந்தையின் தலை ஆடியதைப் பார்த்துப் பயந்து நின்றேன். அப்போதுதான் காலில் எதுவோ குறைவதாகப் பட்டது. பை. இறங்கும் அவசரத்தில் வாரை உதறிவிட்டு வந்திருக்கிறேன். பாஸ்போர்ட், செல்போன், எல்லாம் அந்த இருக்கைக்கு அடியில் பாண்டிச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. தூரத்தில் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள். சாலை காலியாக இருந்தது. அந்தத் தாய்க்கு இன்னும் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மடியில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து, நிம்மதியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எந்த ஸ்டாப்பில் கூட்டம் குறையும், எப்போது எட்டிப்பார்ப்பாள், பார்த்ததும் என்ன ஆவாள்?

குழந்தை அழ ஆரம்பித்தது.

வேலமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். பின்னாலேயே லாரி டிரைவர், வாட்ச்மேன், இன்னும் இரண்டு மூன்று ஆண்கள்.

"புள்ளைக்கு என்னாம்மா? எங்க போவணும்?" என்றாள் மூத்தவள்.

"இது என் குழந்தை இல்லீங்க" என்றேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டுமா? ஆனால் அதைத்தான் சொன்னேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடந்ததை விளக்கினேன். பதற்றத்தில் என் தமிழ் இன்னும் மலேசியாவாகிவிட்டது. புத்தகத் தமிழும் எங்கள் ஊர் இழுவையும் கலந்த என் பேச்சு எனக்கே பொய்க்காரியின் பேச்சு மாதிரி கேட்டது.

"அம்மா ஏறலன்னு எறங்கினியா? அம்மா பஸ்ஸுல போவுதுன்றியா? எதும்மா நெசம்?" என்றார் டிரைவர்.

"ரெண்டும் நெசம்தாங்க."

"பேச்சே ஒரு மாதிரி இருக்குது" என்று வாட்ச்மேன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. அந்த வருடம் அந்தக் கரையோரத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சுனாமியில் அனாதையான பிள்ளைகளை ஏமாற்றிக் கூட்டிப்போகிறார்களாம். என் வகுப்புப் பெண்களே சொல்லியிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள், நன்றாக உடுத்தியவர்கள், இனிமையாகப் பேசுபவர்கள் என்று அடையாளமும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னபோது நானும் உச்சுக்கொட்டினேன்.

"அந்த பஸ் பின்னாலயே போகணும். யாராவது வண்டியில கொண்டுபோய் விடுங்க" என்றேன்.

"எங்கயும் போவ வேணாம். இங்கயே நில்லு" என்றார் டிரைவர். அவர் குரலில் இருந்த மரியாதை போய்விட்டிருந்தது. வாட்ச்மேன் என் பின்பக்கம் வந்து நின்றுகொண்டார். யாரோ ஒருவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு, பஸ் போன திசையில், அடுத்த ஊரான கூனிமேடு பக்கம் பறந்தார்.

குழந்தை வீறிட்டது. வெயில் படாமல் என் துப்பட்டாவை அதன் தலைமேல் போட்டேன். மூத்தவள் கையை நீட்டினாள். "குடும்மா, நான் அமத்தறேன்."

தலையை ஆட்டினேன். "மன்னிச்சிடுங்க. யார்கிட்டயும் தரமாட்டேன். அவங்கம்மா கையிலதான் தருவேன்."

இன்று யோசித்தால் என்ன பிடிவாதம் என்று தோன்றுகிறது. அப்போது எனக்கு அது ஒன்றுதான் பிடிப்பாக இருந்தது. ஒரு முறை கை மாறியதே போதும் என்று மனது அடித்துக்கொண்டது. ஆனால் பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இளையவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தரமாட்டியா? அப்ப உன் புள்ளைதான்னு வச்சுக்குவோம். பசியில கத்துது. பால குடு, பாப்போம்" என்றாள்.

ஆண்களில் ஒருவர் சிரித்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நடுரோட்டில், அத்தனை கண்களுக்கு முன்னால், என் வாழ்நாளில் அப்படிக் கூனிக்குறுகி நின்றதில்லை. கண்ணில் நீர் முட்டியது. அழுதால் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டேன். குழந்தை என் கழுத்தில் வாயை வைத்துச் சப்பத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஏமாந்து மறுபடியும் கத்தியது. அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது.

மூத்தவள்தான் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முந்தானை நுனியை நனைத்துக் குழந்தையின் உதட்டில் தொட்டுவைத்தாள். நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் என்னைத் தொடாமல் குழந்தையை மட்டும் தொட்டாள். எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று தெரியாது. எங்கள் இருவரின் நிழலும் சாலையின் பாதி வரை நீண்டுவிட்டிருந்தது.

தெற்கிலிருந்து ஒரு வேன் வந்தது. நிற்பதற்கு முன்பே கதவு திறந்தது. மஞ்சள் புடவை இறங்கி ஓடிவந்தாள். அவள் தோளில் என் பை தொங்கிக்கொண்டிருந்தது.

குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கினாள். என் விரல்கள் துப்பட்டாவில் மாட்டி வலித்தன. கை, கால், கழுத்து, காது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு அப்படியே வேலமரத்தடியில் மண்ணில் உட்கார்ந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு பால் கொடுத்தாள். அழுகை சட்டென்று நின்றது. அவள் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

வேனை ஓட்டி வந்தவர் கூனிமேட்டு வியாபாரி, வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர். எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள். அவரோடு, நான் இறங்கிய பஸ்ஸில் வந்த இரண்டு இளைஞர்கள். கூனிமேட்டில் கூட்டம் இறங்கியதும் அவள் முன்னால் வந்து பார்த்திருக்கிறாள். இருக்கையில் வேறு யாரோ இருந்திருக்கிறார்கள். கீழே இந்தப் பை. திறந்து பார்த்தால் சிவப்பு நிறத்தில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட். அதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்? வெளிநாட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள் என்று பஸ்ஸே அலறியிருக்கிறது. கடைத்தெருவில் நின்ற பாய்தான் வேனை எடுத்திருக்கிறார். வழியில் மொபெட்காரர் எதிர்ப்பட்டு இடத்தைச் சொல்லியிருக்கிறார்.

இளைஞர்களில் ஒருவன் நேராக என்னிடம் வந்தான். "எந்த ஊர்ல விக்கறதுக்குடி தூக்கினு போன?" கையை ஓங்கிவிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது பாய் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"சபூர் பண்ணுப்பா, கொஞ்சம் பொறு. பொம்பளப் புள்ள மேல கை வைக்காத. கேப்போம் மொதல்ல." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எதுக்கு எறங்குன?"

சொன்னேன். முன்வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததை, யாரும் காது கொடுக்காததை, பின்வாசலில் பிளாஸ்திரியைப் பார்த்ததை. சொல்லச் சொல்ல எனக்கே எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தது. முன்வாசலில் ஏற முடியாவிட்டால் பின்வாசலில் ஏறுவார்கள். ஒரு குழந்தைக்கும் தெரிவது எனக்குத் தெரியவில்லை.

"சரி, எறங்குன. பையை ஏன் உட்டுட்டு வந்த?"

"ரெண்டு கையிலயும் குழந்தை இருந்துச்சு" என்றேன். "பைய மறந்துட்டேன்."

"கத வுடுறா இவ, பாய். போலீஸ்ல குடுங்க" என்றான் இளைஞன். டிரைவரும் வாட்ச்மேனும் ஆமாம் என்பதுபோல் நகர்ந்து நின்றார்கள். போலீஸ் என்ற சொல் எனக்குள் எதையோ உடைத்துவிட்டது. அந்நிய நாடு, கையில் பாஸ்போர்ட் இல்லை, பார்த்தவர்கள் எல்லாம் எதிர் சாட்சி. அம்மாவிடம் யார் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் அழுதேன்.

மரத்தடியில் இருந்தவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். என் முன்னால் வந்து நின்று நேராகப் பார்த்தாள்.

"என்னைக் காணோம்னா எறங்குன?"

"ஆமா."

"நான் பஸ்ஸுலதான் இருந்தேன்."

"பாத்தேன். பஸ் போகும்போது பாத்தேன்."

"கத்துனியா?"

"கத்தினேன்."

"எனக்குக் கேக்கல" என்றாள். அப்புறம் குழந்தையின் தலைமேல் இருந்த என் துப்பட்டாவை இழுத்துப் பார்த்தாள். அதை என்னிடம் தரவும் இல்லை, கீழே போடவும் இல்லை. "போலீஸு கீலீஸு ஒண்ணும் வேணாம் பாய். புள்ள கெடச்சிட்டுது. நான் எங்கம்மா வூட்டுக்குப் போவணும், நேரமாவுது."

இளைஞன் விடுவதாக இல்லை. பாயோடு வாக்குவாதம் ஆரம்பித்தான். மூத்த உப்பளக்காரிதான் சாலையின் நடுவில் போய் நின்று, வந்துகொண்டிருந்த அடுத்த பாண்டி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினாள். திரும்பி வந்து என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "ஏறும்மா. இங்க நிக்காத, ஏறிப் போய்டு." அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

இந்த பஸ்ஸிலும் கூட்டம். முன்வாசல் வழியாக ஏறினேன் என்பதைவிட ஏற்றப்பட்டேன் என்று சொல்லலாம். யாரோ எழுந்து உள்ளே நகர்ந்ததில் ஜன்னலோரம் ஓர் இடம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். பை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

வெளியே பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே அவள் நின்றிருந்தாள். முன்வாசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தையோடு அந்தக் கூட்டத்தில் ஏற முடியாது. அவள் வாசலைப் பார்த்தாள். மற்ற ஜன்னல்களைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டவில்லை. நீட்ட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"ஏய், மறுபடியும் அவகிட்டயா குடுக்கற?" என்று கத்தினான் அந்த இளைஞன்.

"பின்ன யாருகிட்ட குடுக்கறது? இவ இனிமே எறங்க மாட்டா" என்றாள். என்னிடம், "புடி" என்றாள்.

பிடித்தேன். பால் குடித்த குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் எடை எனக்கு அதற்குள் பழகியிருந்தது. அதன் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் கையால் மறைத்துக்கொண்டேன். பஸ் டிரைவர் இஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். முன்வாசலில் ஒரு மஞ்சள் முந்தானை தெரியும் வரை அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் இருக்கைக்கு அருகிலேயே வந்து நின்றாள். இடம் கொடுக்கலாம் என்று நான் எழப்போனேன். தோளில் கைவைத்து அழுத்தி உட்காரவைத்தாள்.

"உக்காரு. நீ எழுந்தா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

"உங்க கையில குடுத்துட்டு நான் நிக்கிறேன்."

"வேணாம். தூங்குது, அசைக்காத." பையின் வாரைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டாள். "இது என்கிட்டயே இருக்கட்டும்."

கூனிமேடு வந்தது, போனது. அவள் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும், சொன்னால் என்ன, அந்தப் பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மாவின் கட்டளை அந்நிய ஊர்க்காரி ஒருத்தியின் இடுப்பில் ஆடிக்கொண்டு வந்தது. நாங்கள் இருவரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பஸ் பேசியது. உப்பளத்தில் ஏறிய யாரோ ஆரம்பித்து, வரிசை வரிசையாகக் கதை பின்னால் போய், கண்டக்டர் வரை சேர்ந்துவிட்டிருந்தது. டிக்கெட் கொடுக்க வந்தவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்தார். எச்சிலைத் தொட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

பொம்மையார்பாளையம் வந்தது. ஒரு விசில்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எப்படி இறங்குவது என்றே எனக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. அவள் குனிந்து, முதலில் குழந்தையை எடுத்துத் தன் தோளில் போட்டாள். அப்புறம் பையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். அப்புறம்தான் ஒதுங்கி வழிவிட்டாள். என் இருக்கையில் உட்கார்ந்தாள். துப்பட்டா இன்னும் குழந்தைமேல்தான் இருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் தரவில்லை.

இறங்கித் தரையில் நின்றேன். பஸ் கிளம்பவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து தலைகள். பின்வாசலில் விசிலை வாயில் வைத்தபடி கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில ஒண்ணும் இல்லல்ல?" என்று அவள் கேட்டாள். அன்று முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, விரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார்.